இடக்கையைத் தூக்கச் சொன்னார்கள்



எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர். மூவார் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது வேலையை விட்டு, மகனோடு தாமானில் இருக்கிறார். சென்ற ஆண்டு வடக்கே மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், கடைவாய்ப் பல் வலி எடுத்துவிட்டது. இரண்டு இரவு தூக்கம் இல்லை. மருமகன் அவரை அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே மாணவர்கள்தாம் பல் பார்ப்பார்கள், கட்டணமும் குறைவு.

அக்கா திரும்பி வந்து என்னிடம் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே தருகிறேன்.

"சின்னப் பொண்ணுப்பா, நம்ம பேத்தி வயசுதான் இருக்கும். மலாய்க்காரப் பிள்ளை. மரியாதையா பேசுச்சு. ஊசி போட்டுச்சு. வலிச்சா இடது கையைத் தூக்குங்க மாக்சிக்னு சொல்லிட்டுப் பல்லைப் புடிச்சிருச்சு. பாதிதான் மரத்திருக்கு. உசிரு போயிருச்சு."

"தூக்கினீங்களா அக்கா?"

"எப்படிப்பா தூக்குறது? படிச்ச பிள்ளை, டாக்டரு. அவங்க முன்னாடி இடது கையையா நீட்டுறது?"

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, காலை முறுக்கிக்கொண்டு, பல் வெளியே வரும்வரை சும்மா இருந்திருக்கிறார். வேலை முடிந்ததும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "பாகுஸ், மாக்சிக்! பாகுஸ்!" என்று பாராட்டினாளாம்.

இந்தக் கதையில் எனக்கு அக்காவைப் பற்றி எவ்வளவு வருத்தமோ, அந்த மாணவியைப் பற்றியும் அவ்வளவு வருத்தம். அக்காவுக்கு வலி இரண்டு நாளில் போய்விட்டது. அந்தப் பெண்ணோ, தான் போட்ட ஊசி நன்றாக வேலை செய்தது என்ற தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இனி நாற்பது வருடம் பல் டாக்டராக இருக்கப் போகிறவள். அமைதியாக இருக்கும் நோயாளிக்கு வலி இல்லை என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டால், அதற்கு விலை கொடுக்கப் போவது நம்மைப் போன்ற எத்தனை பேரோ?

இடக்கை எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பல் டாக்டர்கள் வலக்கைப் பழக்கக்காரர்கள். நோயாளியின் வலப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்வார்கள். நாம் வலக்கையைத் திடீரென்று தூக்கினால் டாக்டரின் கையிலுள்ள ஆயுதத்தைத் தட்டிவிடும். வாய்க்குள் காயம் ஆகும். இடக்கை என்றால் அந்த ஆபத்து குறைவு. இதில் அவமரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தக் காரணத்தை அந்த மாணவி அக்காவிடம் சொல்லவில்லை. நம்மவர்கள் பெரியவர்களிடம் ஒரு தேநீர்க் குவளையைக் கூட இடக்கையால் நீட்டமாட்டார்கள் என்பதை அவளுக்கு யாரும் கற்பிக்கவும் இல்லை. மலாய்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இது தெரியாத விஷயமா? அவர்கள் வீட்டிலும் இதே வழக்கம்தானே! இருந்தும் கிளினிக்குக்குள் நுழைந்ததும் அது மறந்துவிடுகிறது. அங்கேதான் கோளாறு.

பல் டாக்டரை எப்படி உருவாக்குகிறார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் பாடப் புத்தகமும் உடற்கூறும். பிறகு மெழுகில் பல் செதுக்கப் பழக்குவார்கள். அடுத்து 'பேண்டம் ஹெட்' என்று ஒன்று உண்டு. உலோகத்தால் ஆன தலை, ரப்பர் முகம், தாடைக்குள் பிளாஸ்டிக் பற்கள். மேசையில் வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். ஓஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பவர் 1894-ல் இதற்கு வழி கண்டார். மாணவர்கள் மாதக்கணக்கில் அந்தத் தலைகளில் வேலை பழகுகிறார்கள். சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். துளையிடும் மெஷினோ நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. கை ஒரு மயிரிழை தவறினாலும் நல்ல பல் போச்சு. ஆகவே இந்தப் பயிற்சி அவசியம். நம் பிள்ளைகளுக்கு மரம் வெட்டப் பழக்கும்போது முதல் நாளே நல்ல மரத்தில் கத்தி வைக்க விடுவோமா? பட்டை ஆழமாக வெட்டுப்பட்டு மரம் காயப்பட்டால் எத்தனை வருடத்து நட்டம்!

ஆனால் ரப்பர் முகத்துக்கு எச்சில் ஊறாது. நாக்கு தள்ளாது. குமட்டல் வராது. இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் கிடையாது. வெற்றிலைக் கறை இல்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து பிரட்டுக்குப் போய் வந்த களைப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வலியை மறைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. நம்மவர்களுக்கு அது இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தொரை முன்னால் வாய் திறக்காதவர்கள், கிராணி முன்னால் கை கட்டி நின்றவர்கள், டிரெசர் குறடு எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டவர்கள் நம் பாட்டன்மார். "பரவாயில்லைங்க ஐயா" என்பது நம் நாக்கில் ஊறிய சொல். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எந்தப் பல் மருத்துவப் பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

முன்பு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் என்றாலே பிடுங்குவதுதான். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை என்று நினைத்த காலம் அது. இந்தப் பகுதியில் முறையான பல் மருத்துவப் படிப்பு 1929-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவு 1972-ல்தான் மாணவர்களை எடுத்தது. அதற்கு முன்பே, 1949-ல், பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது; நியூசிலாந்து நாட்டு முறையைப் பார்த்து அமைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பதற்கென்றே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மிஸ்ஸி வந்துவிட்டாள் என்றால் பாதி வகுப்பு ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிடும்! மடக்கு நாற்காலி, தகரப் பெட்டி, ஒரு கிண்ணத்தில் துப்பத் தண்ணீர். ஆனாலும் அந்த மிஸ்ஸிமார் ஒரு காரியத்தை நன்றாகப் படித்திருந்தார்கள். முதல் நாள் வாயைத் திறக்கச் சொல்லி எண்ண மட்டும்தான் செய்வார்கள், ஆயுதம் தொடமாட்டார்கள். பயந்த பிள்ளைக்குச் சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து விளையாட விடுவார்கள். குழந்தையிடம் இப்படி நடக்க வேண்டும் என்பது பாடத்திலேயே இருந்தது. அறுபது வயதுப் பாட்டியிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டாமா?

மூவாரில் பல் கல்லூரி இல்லை. ஆனால் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரத்தில் மலாக்கா இருக்கிறது. 1997-ல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய கல்லூரியில் பல் மருத்துவமும் உண்டு. படிப்பின் முதல் பாதியை இந்தியாவில் கர்நாடகத்து மணிப்பாலிலும், மறு பாதியை மலாக்காவிலும் படிக்கும் முறை அங்கே பல ஆண்டுகள் நடந்தது. நோயாளியைத் தொட்டுப் பழகும் பாதி நம் பக்கம்தான். கெடாவில் பீடோங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவம் இருக்கிறது. நம்மவர் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். சிதம்பரம், மணிப்பால் என்று கடல் கடந்து போய்ப் படித்து வந்தவர்களும் உண்டு. பெருமைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் நம் வலி தானாகப் புரிந்துவிடும் என்று நினைப்பது தவறு. டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்த பிள்ளைக்குத் தோட்டத்துப் பேச்சே விளங்குவதில்லை.

பேச்சு விளங்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நம் பெண்கள் பல் வலியை ஒரே சொல்லால் சொல்வதில்லை. "ஐஸ் தண்ணி பட்டா கூசுது, உடனே போயிருது" என்றால் ஒரு நோய். "ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றால் பல்லுக்குள்ளே இருக்கும் நரம்பு வரை கோளாறு போய்விட்டது என்று பொருள். "கடிச்சா உயிர் போவுது, பல்லு தூக்குன மாதிரி இருக்கு" என்றால் வேருக்கடியில் சீழ் வைத்திருக்கலாம். "ஆடுது, ஈறுல ரத்தம் வருது" என்றால் அது வேறு சங்கதி. முதலாவதை அடைத்துவிடலாம். இரண்டாவதற்கு வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கலாம். மூன்றாவதில் சீழை வெளியேற்ற வேண்டும். அங்கே மரப்பு ஊசியும் லேசில் பிடிக்காது, ஏனென்றால் சீழ் வைத்த சதையின் புளிப்புத் தன்மை மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். அக்காவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவும் நம் வாயிலிருந்தே வருகிறது. ஆனால் கார்டில் மாணவன் எழுதுவது என்ன? "சாக்கிட் கீகி." முடிந்தது! நாலு விதமான வலியும் ஒரே வலியாகிவிட்டது. பிறகு என்ன, பிடுங்க வேண்டியதுதான்.

கூசுது, தெறிக்குது, கடிச்சா வலிக்குது, ஆடுது, மரத்திருச்சா, இன்னும் வலிக்குதா - இப்படிப் பத்துச் சொற்கள். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். இன்று செம்பனைத் தோட்டங்களில் நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசியத் தோழர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியிலும் பத்துப் பத்துச் சொற்கள் படிக்கட்டும். ஐந்து வருடப் படிப்பில் இதற்கு இடம் இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

தண்ணீர்க் கதை ஒன்றும் இருக்கிறது. நம் ஜொகூரில்தான், ஜொகூர் பாருவில், 1957-ல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். பல் சொத்தையாவதை அது குறைக்கிறது. குழாய்த் தண்ணீர் குடித்த டவுன் பிள்ளைகளுக்கு அந்தப் பயன் கிடைத்தது. கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடித்த லயத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைத்தது? அதனால்தான் சொல்கிறேன், இன்றைய மாணவன் தன் வீட்டிலும் தன் தெருவிலும் பார்த்த வாயை வைத்து நம் வாயை எடை போடக் கூடாது. "ஏன் பல்லை இப்படி விட்டுட்டீங்க?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி நமக்கு அடி போல விழுகிறது. அதைக் கேட்டுவிட்டு அடுத்த முறை போகாமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்படி நின்றுவிடுவது சில சமயம் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம். அதிலும் வெற்றிலை பாக்குப் போடும் வயதான பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோய் உண்டாக்கும், பாக்கே அதைச் செய்யும். "நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் பாட்டிமாரே, தயவுசெய்து இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், வாய் முன்போல அகலத் திறக்காவிட்டால் உடனே காட்ட வேண்டும். இதில் வலியே இல்லாமல் இருக்கும், அதுதான் மோசம்.

வலிக்கும் ஒரு பல்லை மட்டும் பார்க்கப் பழகிய மாணவன் அந்தத் திட்டைப் பார்ப்பானா? இங்கேதான் கல்லூரிகளின் கணக்குப் பிரச்சினை வருகிறது. பல கல்லூரிகளில், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல் எடுக்க வேண்டும், இத்தனை கட்டுப் பல் செய்ய வேண்டும் என்று மாணவனுக்கு எண்ணிக்கை உண்டு. அது முடியாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. நமக்குப் புரியாத விஷயமா இது? இத்தனை மரம், இத்தனை குலை என்று கணக்கில் வாழ்ந்தவர்கள் நாம். கணக்கு நெருக்கினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், மரம் பாழாகும். மாணவனுக்கு முன் கடைவாய்ப் பல் ஒன்று தேவைப்பட்டால், அவன் கண்ணுக்கு நாம் மனிதராகத் தெரியமாட்டோம், முன் கடைவாய்ப் பல்லாகத்தான் தெரிவோம். நோயாளி கிடைக்காமல், தன் சொந்தக் காசில் வண்டிக் கூலி கொடுத்து ஆளைக் கூட்டி வரும் மாணவர்களும் உண்டு. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கிளினிக்குகள் மூடி, கணக்கு இன்னும் நெருக்கியது. நான் மாணவனைக் குறை சொல்லவில்லை. கணக்கு வைத்தவர்களைத்தான் கேட்கிறேன். எண்ணிக்கை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகாமல் கை வராது. ஆனால் ஒரே நோயாளியை முதல் நாளிலிருந்து முடியும்வரை, வலி நிற்கும்வரை, வாய் முழுதும் பார்த்துக் கவனித்தானா என்பதற்குப் பாதி மதிப்பெண்ணாவது வையுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். முதல் நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மாணவனும் அந்த நாற்காலியில் படுத்து, முகத்துக்கு மேலே விளக்கு எரிய, வாயைத் திறந்துகொண்டு அரை மணி நேரம் இருந்து பார்க்கட்டும். முன்பெல்லாம் மாணவர்கள் முதல் மரப்பு ஊசியை ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டுதான் பழகுவார்கள். பல இடங்களில் அந்த வழக்கம் இருந்தது. இப்போது சில இடங்களில் பொம்மையில் பழக்குகிறார்கள் என்கிறார்கள். பாதுகாப்புக்காக இருக்கலாம். ஆனால் ஊசி தன் ஈறில் இறங்கினவனுக்குத்தான், ஊசி போட்டதும் குறடை எடுக்கக் கூடாது, உதடு மரத்ததா என்று கேட்டு, ஈறைத் தொட்டுப் பார்த்து, காத்திருந்து பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது எலும்பில் ஏறும். மேற்பார்வை டாக்டரும் "மரத்திருச்சா?" என்று மாணவனிடம் கேட்டுக் கையெழுத்துப் போடாமல், நோயாளியைப் பார்த்து நேரே கேட்கட்டும்.

இனி நம் பங்கு. மாணவர் கிளினிக்குக்குப் போகவே கூடாது என்று அக்கா இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது சரியில்லை என்பது என் கருத்து. நாம் வாயைத் திறக்காவிட்டால் நம் வாயை அறிந்த டாக்டர் எங்கிருந்து வருவார்? மாணவன் மெதுவாகத்தான் செய்வான். ஒரு பல் அடைக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் மேற்பார்வை டாக்டர் வந்து பார்க்க வேண்டும். அந்தத் தாமதம் நமக்குப் பாதுகாப்பு. ஆனால் போகும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நீ எத்தனையாவது வருடம், உன்னைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் யார் என்று கேட்கலாம். கையெழுத்துக் கேட்கும் பாரத்தை வாசித்துக் காட்டச் சொல்லலாம். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று எழுந்து வரலாம். இனிப்பு நீர், ரத்த அழுத்தம், இருதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை - இதையெல்லாம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைப்பது ஆபத்து.

சம்பளக் கவலை இருக்கும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், மருத்துவ விடுப்புக்கு டாக்டர் சான்று போலவே பல் டாக்டர் சான்றும் செல்லும். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது பதிவு பெற்ற பல் டாக்டர். மாணவன் போட முடியாது. ஆகவே மேற்பார்வை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தெரிவித்துவிடுங்கள். மறுத்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

அக்காவுக்கு இன்னொரு பக்கத்தில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை மூவார் கிளினிக் பெர்கிகியானுக்கு நானே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இடக்கை எதற்கு என்று விளக்கமாகச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மொதல்ல ரெண்டு கையாலயும் ஒரு கும்பிடு போட்டுட்டு, அப்புறமா தூக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அப்படியே செய்யுங்க அக்கா" என்றேன்.